ஒரு பெட்டி, நாலு பெஞ்சு

“அந்தக் காலத்து நாடகம் மாதிரி இப்ப எதுங்கண்ணே வருது?”

நிபோங் திபாலில் இதைக் கேட்கிறோம். தாசேக் குளுகோரில் கேட்கிறோம். தோட்டத்தை விட்டு வந்து ஜார்ஜ் டவுன் அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கிற நம் மக்களிடமும் இதே பேச்சுத்தான். சங்கக் கூட்டம் முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்தில், சம்பளம், போனஸ், செம்பனைக் குலைக் கணக்கு எல்லாம் பேசித் தீர்ந்த பிறகு, யாராவது ஓர் அக்காள் இந்தப் பேச்சை எடுத்து விடுவார். பாதிக் கூட்டம் தலையாட்டும். இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே கைப்பேசியில் கண்ணாக இருப்பார்கள்.

வயசானால் எல்லாருக்கும் பழசுதான் இனிக்கும் என்று ஒரே வார்த்தையில் இதைத் தள்ளிவிடலாம். நாம் தள்ளப் போவதில்லை. நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்கு வருகிற ஒரு தொழிலாளிக்கு மிஞ்சுகிற நேரம் மூன்று மணியோ நாலு மணியோதான். அந்த நேரத்தை எது விழுங்குகிறது, பதிலுக்கு என்ன கொடுக்கிறது என்று பார்ப்பதும் தொழிலாளர் விவகாரம்தான்.

முதலில் பெட்டி வந்த கதையைச் சொல்லிவிடுவோம். நம் நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது 1963 டிசம்பர் 28ஆம் நாள். இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது. 1978 கடைசியில் வண்ணப் படம் வந்தது. இதெல்லாம் ஏட்டில் உள்ள கணக்கு. தோட்டத்துக் கணக்கு வேறு. பட்டணத்தில் தெருவுக்குத் தெரு மின்சாரம் ஏறியது. கிராமப்புறங்களுக்கு அரசாங்கத் திட்டத்தில் மின்சாரம் போனது. தோட்டமோ தனியார் நிலம். “அது நிர்வாகத்தின் பாடு” என்று திட்டத்தில் சேர்க்காமலே விட்டுவிட்டார்கள். நிர்வாகம் என்ன செய்தது? ஒரு இஞ்சினை வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் ஓட்டியது, சில மணி நேரத்தில் நிறுத்தியது. துரை பங்களாவில் விடிய விடிய விளக்கு எரிந்தது. லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. தொழிலாளர் வீடுகளுக்கு இன்னின்ன வசதி வேண்டும் என்று 1966இல் ஒரு சட்டம் வந்தது, பிறகு 1990இல் அதற்குப் பதிலாக சட்டம் 446 வந்தது. இருந்தும் இருபத்துநாலு மணி நேர மின்சாரத்துக்காகத் தோட்டம் தோட்டமாகப் பேச வேண்டியிருந்தது, எழுத வேண்டியிருந்தது. ‘நாடகம் பார்க்கவா மின்சாரம் கேட்கிறீர்கள்?’ என்று சிரித்த அதிகாரிகள் உண்டு. பிள்ளைகள் படிக்க என்றும் கேட்டோம், நாடகம் பார்க்க என்றும் கேட்டோம். இரண்டிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எண்பதுகளில் சிறுவர்களாக இருந்த நம்மைப் போன்றவர்களுக்கு இது மறக்காது. லயத்தில் இரண்டு மூன்று வீடுகளில்தான் பெட்டி இருக்கும். கறுப்பு வெள்ளைப் பெட்டி, 12 வோல்ட் கார் பேட்டரியில் ஓடும். பேட்டரியை சைக்கிள் பின்னால் வைத்துக் கட்டி டவுனுக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வர வேண்டும். அமிலம் சிந்திக் காற்சட்டையில் ஓட்டை விழாத பையன் கிடையாது. ஏரியலை நீட்டுக் கம்பில் கட்டி வடக்கே குனோங் ஜெராய்ப் பக்கம் திருப்ப வேண்டும். அந்த மலையுச்சியிலிருந்துதான் நமக்கு ஒளிபரப்பு வரும். ஒருவன் வெளியே கம்பைத் திருப்ப, ஒருவன் ஜன்னலில் நின்று “வருது... போச்சு... வருது” என்று கத்த, உள்ளே நாற்பது கண்கள் பெட்டியைப் பார்த்துக் காத்திருக்கும். பேட்டரி இறங்க இறங்கப் படம் நாலு ஓரமும் சுருங்கும். கதாநாயகி அழுதுகொண்டே குள்ளமாகிப் போவாள். முடிவு தெரியாமலே வீட்டுக்குப் போன நாடகங்கள் எத்தனையோ! மறுநாள் ஆளுக்கு ஒரு முடிவு சொல்வார்கள். உண்மையான முடிவைவிட அது நன்றாக இருந்திருக்கலாம், யார் கண்டது?

பெட்டி வைத்திருந்தால் ஆண்டுக்கு 24 வெள்ளி லைசென்ஸ் கட்ட வேண்டும். லைசென்ஸ் பார்க்க ஆள் வருகிறான் என்று சொன்னால் போதும், லயத்தில் ஏரியல் எல்லாம் இறங்கிவிடும். அது ஒரு தனி நாடகம்.

பொதுவிடத்தில் ஒரு பெட்டி வைத்த தோட்டங்களும் இருந்தன. மன்றக் கொட்டகையிலோ ஆயாக் கொட்டகையிலோ ஒரு பெட்டி, அதன் முன்னால் நாலு பெஞ்சு. பெஞ்சில் ஆண்கள். தரையில் பிள்ளைகள். பாத்திரம் கழுவிவிட்டு, கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் பின்னால் நின்றபடியே பார்ப்பார்கள். இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘அந்தக் காலம் பொற்காலம்’ என்கிறவர்களில் பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் அதிகம். நின்றுகொண்டு பார்த்தவர்களுக்குக் கால் வலி ஞாபகம் இருக்கும்.

அப்படிக் காத்திருந்து பார்த்தது எவ்வளவு? தமிழ்ச் செய்தி, வாரத்துக்கு ஒரு தமிழ்ப் படம், எப்போதாவது அரை மணி நேர உள்ளூர் நாடகம். மிச்ச நேரத்தில் மலாய் நாடகமும் ஆங்கிலத் துப்பாக்கிச் சண்டையும் பார்ப்போம். நம் பினாங்கில் பிறந்த பி.ரம்லியின் படம் போட்டால் மொழி சரியாகப் புரியாத கிழவிகளும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

பினாங்குக்காரர்களுக்கு நாடகம் ஒன்றும் புதிதல்ல. பங்சாவான் என்கிற மலாய் மேடை நாடகம் 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பிறந்ததே இந்தத் தீவில்தான். இந்தியாவிலிருந்து வந்த பார்சி நாடகக் குழுவைப் பார்த்துவிட்டு இங்கே உள்ளவர்கள் தாங்களே ஒன்றைக் கட்டி எழுப்பினார்கள். தமிழ்நாட்டு நாடகக் குழுக்களும் கப்பலேறி வந்து மலாயாவில் ஆடிவிட்டுப் போயிருக்கின்றன. தோட்டத்தில் அதைப் பார்த்த நம் முன்னோர் சும்மா இருந்தார்களா? திருவிழா வந்தால் அரிச்சந்திரன், நல்லதங்காள், வள்ளி திருமணம். பகலில் பால் எடுத்தவர் இரவில் அரிச்சந்திரன். கங்காணியிடம் ஏச்சு வாங்கியவர் ராஜா வேஷத்தில் கங்காணி முன்னாலேயே மீசையை முறுக்குவார். பெண் வேஷமும் ஆண்கள்தான். வசனத்தை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்து, எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தமிழ்ப்பள்ளி வாத்தியார் வாயால் சொல்லிக் கொடுத்துப் பாடம் பண்ண வைப்பார். ஆக, தொலைக்காட்சி வருவதற்கு முன்பே நாடகத்தில் நமக்கு ஒரு பங்கு இருந்தது. நாம் பார்த்தவர்கள் மட்டுமல்ல, ஆடியவர்களும் கூட.

உள்ளூர்த் தமிழ் நாடகங்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது ஒட்டிக்கொண்டதும் இந்த உறவுதான். இன்று மின்னல் எஃப்எம் என்ற பெயரில் இருக்கும் அரசாங்கத் தமிழ் வானொலியில் குரலை மட்டும் கேட்டுப் பழகியவர்களுக்கு, உள்ளூர் நடிகர்களை முகத்தோடு பார்ப்பதே பெரிய விஷயம். செட்டு என்று பார்த்தால் ஒரு சோபா, ஒரு ஜன்னல், சுவரில் ஒரு காலண்டர். கதவைச் சாத்தினால் சுவரே ஆடும். ஆனால் அதில் வருகிறவர் ‘வெள்ளி’ என்பார், ‘பசார்’ என்பார், பஸ்ஸைத் தவறவிட்டு வேலைக்குப் பிந்திப் போய்த் திட்டு வாங்குவார். ‘இவன் நம்ம ஆளு’ என்று கிழவர்கள் சொல்வார்கள். சிங்கப்பூர் வானொலியில் அறுபதுகளின் கடைசியில் புதுமைதாசன் எழுதிய ‘அடுக்குவீட்டு அண்ணாசாமி’யும் இப்படித்தான் பெயர் வாங்கியது. கம்பத்தை விட்டு அடுக்குமாடிக்குக் குடிபோன சாதாரண ஜனங்களின் வீட்டுக்குள்ளே நடப்பதை அது பேசியது.

பிறகு காலம் மாறியது. சென்னையில் சன் டிவி 1993 ஏப்ரல் 14ஆம் நாள் தொடங்கியது. நம் நாட்டில் 1996இல் அஸ்ட்ரோ வந்தது. வானவில் அலைவரிசை வந்தது. லயத்துக் கூரைகளில் சட்டி முளைத்தது. வாரத்துக்கு ஒரு நாள் என்றிருந்த நாடகம் தினசரி நாடகமாயிற்று. இந்தியாவில் தூர்தர்ஷன் காலத்தில் 13 வாரத்தில் ஒரு கதையை முடித்துவிடுவதுதான் வழக்கம். இப்போது அந்தக் கணக்கு எடுபடவில்லை. ராதிகாவின் ‘சித்தி’ 1999இலிருந்து 2001 வரை ஓடியது. திருமுருகன் இயக்கிய ‘மெட்டி ஒலி’ 2002இலிருந்து 2005 வரை 800 பகுதிகளுக்கு மேல் ஓடியது. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003இல் தொடங்கி 2009இல்தான் முடிந்தது, 1,500 பகுதிகளுக்கு மேல்! அது தொடங்கும்போது முதலாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை, முடியும்போது ஆறாம் வகுப்புச் சோதனையே எழுதிவிட்டது. ஆகவே, பழைய தொடர்கள் சுருக்கமாக இருந்தன, இன்றைக்குத்தான் இழுக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இழுவை அன்றைக்கே தொடங்கியாகிவிட்டது.

பின் எதற்காக நம் மக்கள் இன்றும் ‘மெட்டி ஒலி’ பேரைச் சொல்கிறார்கள்? டெல்லி குமார் நடித்த சிதம்பரம் என்ற தகப்பன். மனைவி இல்லை. ஐந்து பெண் பிள்ளைகள். கலியாணம், சீர், வரதட்சணை, கடன். ஒரு மகளைக் கரையேற்றினால் அடுத்த மகள் நிற்கிறாள். அந்த ஆள் காசை எண்ணுவார். எண்ணிவிட்டு மறுபடி எண்ணுவார். பார்க்கிற நம் தகப்பன்மார்களும் மனசுக்குள்ளே கூட எண்ணுவார்கள். ‘கோலங்கள்’ அபியோ குடும்பத்தைத் தூக்கி நிறுத்த வேலைக்குப் போகிறவள், பிறகு கட்டடத் தொழிலில் ஆண்களோடு மோதுகிறவள். பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குத் தொழிற்சாலை பஸ்ஸில் போய், மூன்று ஷிப்டில் மாறி மாறி வேலை செய்து, சம்பளக் கவரைத் தாயிடம் கொடுத்த நம் பெண் பிள்ளைகளுக்கு அவளைப் பிடிக்காமல் இருக்குமா? 1972இல் அந்தப் பேட்டை தொடங்கியதிலிருந்து எத்தனை அபிகளை நம் தோட்டங்கள் அனுப்பி வைத்திருக்கின்றன!

இங்கே ஒரு விஷயத்தைச் சற்று நின்று சொல்ல வேண்டும். ‘மெட்டி ஒலி’யில் சரோஜா என்று ஒரு மகள். மாமியார் கொடுமை, புருஷன் அடி. அந்தக் காலத்தில் நாம் மகளிர் பகுதிக் கூட்டங்களுக்குப் போவோம். குடும்ப வன்முறைச் சட்டம் 1994இல் நிறைவேறி, 1996 ஜூனில் நடைமுறைக்கு வந்திருந்தது. அதை விளக்கிப் பேசுவோம். போலீசில் புகார் செய்யலாம், பாதுகாப்பு உத்தரவு வாங்கலாம் என்று சொல்வோம். பெண்கள் கேட்டுக்கொண்டு இருப்பார்கள். “யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?” என்றால் தலையைக் குனிந்துகொள்வார்கள். தோட்டத்தில் எல்லாரும் சொந்தக்காரர், அடிக்கிறவனும் அடுத்த லயத்து அண்ணன் தம்பிதான். யார் வாயைத் திறப்பார்கள்?

சட்டம் திறக்காத வாயை சரோஜா திறந்து வைத்தாள். கூட்டம் கலைந்து பாத்திரம் எடுத்துப் போக வந்த ஒரு பெண், நம்மைப் பாராமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, “சரோஜா கதைதாண்ணே எங்க வீட்லயும்” என்றார். அவ்வளவுதான். பெயர் சொல்லவில்லை, புகார் சொல்லவில்லை. நமக்குப் புரிந்தது. பக்கத்தில் நின்ற இரண்டு பெண்களுக்கும் புரிந்தது. அதற்குப் பிறகு அந்தத் தோட்டத்துப் பெண்களுக்குள் “சரோஜா” என்பது ஒரு சங்கேதச் சொல் ஆயிற்று. “அந்த வீட்டில் சரோஜா நடக்குது” என்றால் நாலு பெண்கள் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு அந்த வீட்டு வாசலுக்குப் போவார்கள். சீனி வாங்கப் போவார்கள், ரசப் பொடி கேட்கப் போவார்கள். கை ஓங்கியவன் கையை இறக்கிவிடுவான். ஒரு நாடகம் இதைச் செய்தது என்று சொன்னால் பட்டணத்துப் படிப்பாளிகள் சிரிக்கலாம். அவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

நாடகம் மட்டும் தனியாக இதைச் செய்துவிடவில்லை. எல்லாரும் ஒரே நாள், ஒரே நேரம், ஒரே கதையைப் பார்த்தார்கள். மறுநாள் பெரட்டில் பேச்சு, நிரையில் பேச்சு, பால் ஊற்றும் இடத்தில் பேச்சு. அதனால்தான் ஒரு பெண் ஒரே ஒரு பெயரைச் சொன்னதும் மற்றப் பெண்களுக்கு முழுக் கதையும் விளங்கியது. இந்தியாவின் முதல் தொலைக்காட்சித் தொடரான ‘ஹம் லோக்’ 1984இல் எடுக்கப்பட்டதும் இந்த எண்ணத்தில்தான். குடும்பக் கட்டுப்பாடு போன்ற விஷயங்களைத் தொடர்கதைக்குள் வைத்துச் சொன்னால் ஜனங்கள் தங்களுக்குள் பேசுவார்கள் என்று மெக்சிகோ நாட்டில் செய்து பார்த்திருந்தார்கள். அந்த வழியை இந்தியா எடுத்துக்கொண்டது. ஜப்பானின் ‘ஓஷின்’ 1983-84இல் வந்தது. அரிசி மூட்டைக்காக ஏழு வயதில் வேலைக்கு அனுப்பப்பட்ட ஏழைச் சிறுமியின் கதை. அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அதைப் பார்த்து அழுதிருக்கிறார்கள். ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கையை விட்டுவிட்டுத் தாயோடு நிரைக்குப் போய் மங்கு துடைத்த பிள்ளைகளுக்கு ஓஷின் யார் என்று விளக்க வேண்டியதில்லை.

இப்போதைய தொடர்களுக்கு வருவோம். வீடு அரண்மனை மாதிரி இருக்கிறது. மாடிப்படி இரண்டு பக்கமும் வளைந்து இறங்குகிறது. காலை எழுந்தவுடன் பட்டுச் சேலை, காது நிறைய நகை. பத்துப் பேர் கூடத்தில் நிற்கிறார்கள், ஒருவர் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பத்து முகத்தையும் மும்மூன்று முறை காட்டுகிறார்கள். இவர்களுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது? ‘பிசினஸ்’ என்கிறார்கள். என்ன பிசினஸ், அங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், அவர்களுக்கு என்ன சம்பளம், ஒன்றும் தெரியாது. வேலைக்காரி ஒருத்தி இருப்பாள், ஒட்டுக் கேட்பதற்காக. விஷம் வைப்பது, பத்திரத்தில் கையெழுத்து வாங்குவது, செத்துப் போனவர் வேறு முகத்தோடு திரும்பி வருவது, இதுதான் கதை. நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் அரிசி, மீன், பள்ளி பஸ், மோட்டார் தவணை என்று பிரிக்கிற ஒரு குடும்பத்துக்கு, மாடிப்படியில் நின்று சொத்துக்குச் சண்டை போடுகிறவர்கள் யார்? மாமனா மச்சானா?

எல்லாத் தொடரும் இப்படித்தான் என்று சொல்லிவிட்டால் அது அநியாயம். ‘கோலங்கள்’ எடுத்த அதே திருச்செல்வம் 2022இல் ‘எதிர்நீச்சல்’ தொடங்கினார், 2024 வரை ஓடியது. படித்த மருமகள்களை வீட்டுக்குள் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரனாக மாரிமுத்து நடித்தார். 2023 செப்டம்பரில் அவர் இறந்தபோது தோட்டத்தில் சொந்தக்காரர் செத்த மாதிரி பேசிக்கொண்டார்கள். அந்தத் தொடரைப் பற்றிப் பெரட்டில் பேச்சு நடந்ததை நாமே கேட்டோம். அதில் பெண்கள் “எங்க மாமாவும் இப்படித்தான்” என்று வெளிப்படையாகவே பேசினார்கள், சங்கேதம் எல்லாம் தேவைப்படவில்லை. இருபது ஆண்டில் அவ்வளவு தூரம் வந்திருக்கிறோம். ஆக, காலம் மாறியதால் நல்ல நாடகம் எடுக்க முடியாது என்பதில்லை. எடுக்கிறவர்கள் குறைவு.

நமக்குப் பெரிய கவலை கதையைப் பற்றி அல்ல, பார்க்கிற விதத்தைப் பற்றி. ஒரு வீட்டில் நாலு பேர் இருந்தால் இப்போது நாலு கைப்பேசி. தகப்பன் ஒரு மூலையில் பழைய சண்டைப் படம், தாய் அடுப்படியில் தொடர், மகன் விளையாட்டு, மகள் காதில் எதையோ மாட்டிக்கொண்டு அரை நிமிஷத்துக்கு ஒன்றாகத் தள்ளிக்கொண்டே போகிறாள். மறுநாள் பெரட்டில் பேச ஒரே கதை கிடையாது. பேசுவதற்கு ஆளும் குறைந்துவிட்டது. பக்கத்து நிரையில் நேப்பாளத் தம்பியோ வங்காளதேசத் தம்பியோ நிற்கிறார், அவர் பார்க்கிற நாடகம் அவர் கைப்பேசியில் அவர் மொழியில்.

இன்னொன்று, தூக்கம். பால்மரக்காரர்கள் காலை நாலு, நாலரைக்கு எழ வேண்டும். சமைத்துக் கட்டிவிட்டுப் போகிற பெண்கள் அதற்கும் முன்னால். சென்னைக்கும் நமக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். அங்கே இரவு 9 மணிக்கு வருவதைச் சுடச்சுடப் பார்க்க வேண்டுமென்றால் நமக்கு 11.30 ஆகிவிடும். பார்த்துவிட்டுப் படுத்தால் எத்தனை மணி நேரத் தூக்கம் மிஞ்சும், கூட்டிப் பாருங்கள். அன்றைக்கு இஞ்சினை நிறுத்தினால் நாடகம் நின்றது, விளக்கு அணைந்தது, தூங்கினோம். நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே தூங்கினோம் என்பது வேறு. இன்றைக்கு நிறுத்த ஆள் இல்லை. அரைத் தூக்கத்தில் உளியைப் பிடித்தாலும் ஆபத்து, செம்பனை அரிவாளைத் தூக்கினாலும் ஆபத்து. தொடர் எங்கேயும் ஓடிவிடாது, மறுநாள் மாலையிலும் அதே கைப்பேசியில் இருக்கும். மழை கொட்டினால் கூரைச் சட்டி படத்தைப் பிடிக்காது என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. பால்மரத் தோட்டத்தில் மழையென்றால் வெட்டும் இல்லை, நாடகமும் இல்லை. அந்த நாளில் மட்டும் குடும்பம் முகத்துக்கு முகம் பார்த்துப் பேசுகிறது என்று ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது வேடிக்கைக்கா வருத்தத்துக்கா என்று அவர் முகத்தில் தெரியவில்லை.

2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து எல்லாரும் வீட்டோடு இருந்த சமயம், சன் டிவியில் ‘மெட்டி ஒலி’யை மறுபடியும் போட்டார்கள். பதினைந்து வருஷத்துக்குப் பிறகு தாய்மார்கள் அதே இடத்தில் அழுதார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த மகள்கள் அழவில்லை. “ஏன்மா இந்த சரோஜா அடி வாங்கிக்கிட்டே இருக்காங்க? வேலைக்குப் போலாம்ல? போலீசுக்குப் போலாம்ல?” என்று கேட்டதாகப் பல வீடுகளில் சொன்னார்கள். ஒரு தாய் அதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் பெட்டியை அணைத்துவிட்டாராம். பழைய நாடகம் நல்லதா இல்லையா என்பதற்கு இதைவிட நியாயமான விசாரணை நாம் எழுதிவிட முடியாது. பொறுமையாக இருந்தால் புருஷன் திருந்துவான் என்று அந்தத் தொடர்களும்தான் நமக்குச் சொல்லிக் கொடுத்தன. (அடி வாங்கும் பெண்களுக்கு இப்போது 15999 என்ற தாலியான் காசே தொலைபேசி எண் இருக்கிறது. ஜார்ஜ் டவுனில் 1985இலிருந்து நடக்கும் டபிள்யூ.சி.சி. என்ற பெண்கள் உதவி மையமும் இருக்கிறது. இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள்.)

பழைய தொடரோ புதிய தொடரோ, இரண்டிலும் நாம் இல்லை. மெட்டி ஒலி சிதம்பரம் காசை எண்ணினார் என்றோம், ஆனால் அவர் எண்ணியது வெள்ளி அல்ல. பெரட்டு இல்லை, நிரை இல்லை, லயம் இல்லை, தோட்டம் துண்டாடப்பட்டு வெளியேற நாள் குறித்த கடிதம் இல்லை. நம் நாட்டிலேயே எடுத்த படங்களில் கொஞ்சம் உண்டு. தீபக் குமரன் மேனனின் ‘செம்மண் சாலை’ 2005இல் வந்தது, தோட்டத்துப் பெண் ஒருத்தி படிக்க ஆசைப்படும் கதை. சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’ 2015இல் வந்தது, தோட்டத்திலிருந்து வெளியே தள்ளப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்ற கதை. அடுத்த ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் நாட்டின் சிறந்த படம் என்ற பரிசே வாங்கியது. நம் கதையை யார் பார்ப்பார்கள் என்று கேட்கிற தயாரிப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கதைக்குப் பஞ்சமா? அகிலன் இங்கே வந்து பார்த்துவிட்டு ‘பால்மரக் காட்டினிலே’ எழுதினார். நம் ஆர்.சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார். ஜப்பானியர் காலத்தில் தோட்டத்திலிருந்து தண்டவாளம் போடக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர்களின் கதை. தினமும் அரை மணி நேரம் போட்டால் எத்தனை மாதம் வரும்! நம் உள்ளூர்க் கலைஞர்களுக்கும் வேலை கிடைக்கும். அவர்களும் தொழிலாளிகள்தான், பகுதிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர்கள்.

அதுவரைக்கும் காத்திருக்க முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பத்து காவானைப் பாருங்கள். ஒரு காலத்துத் தோட்டம். 2014இல் இரண்டாவது பாலம் அங்கே வந்து இறங்கியது. இன்று பேரங்காடியும் தொழிற்சாலையும் நிற்கின்றன. மற்றத் தோட்டங்களும் ஒவ்வொன்றாக அந்த வழியில் போய்க்கொண்டிருக்கின்றன. லயத்தை இடிக்கும்போது ஜனங்கள் கட்டிலையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். பரணில் கிடக்கிற நோட்டுப் புத்தகத்தை எடுப்பதில்லை. முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் உங்கள் தோட்டத் திருவிழாவில் ஆடிய நாடகத்தின் வசனம் அதில் இருக்கலாம். வேஷம் கட்டியவரின் படம் ஒன்று சாமி படத்துக்குப் பின்னால் செருகி இருக்கலாம். அந்த வேஷக்காரர்களில் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள், வசனமும் மறக்கவில்லை. கைப்பேசி ஆளுக்கு ஒன்று இருக்கிறதே, பேரப் பிள்ளைகள் தாத்தா முன்னால் அதை நிறுத்தி வைத்து ஒரு அரை மணி நேரம் பேசவிட்டுப் பதிவு செய்யட்டும்.

அப்படி நோட்டோ படமோ கிடைத்தால் இந்தப் பகுதிக்கு எழுதுங்கள், அல்லது தோட்டத்துக்கு வரும் சங்கப் பிரதிநிதியிடம் காட்டுங்கள். மூலப் பிரதியை யாரிடமும் கொடுத்துவிட வேண்டாம். நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பித் தருவோம். எந்தத் தோட்டம், எந்த வருஷம், யார் யார் என்ன வேஷம், வாத்தியார் யார் என்று பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை.